ஆளில்லாத வீடும் பெரிய இன நாய்க்குட்டியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில், வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே போவது முன்பெல்லாம் அரிது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். கோர்வைச் சேலை என்றால் தறிக்குழியில் ஒருவர் உட்கார வேண்டும், கரை நாடாவைத் தள்ளிவிட இன்னொருவர் வேண்டும். ராட்டையில் தார் சுற்ற வீட்டுப் பெரியவர் ஒருவரும் இருப்பார். இப்போது அதே வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டுக்குப் போகிறார்கள். தறி குறையக் குறைய, வீடு பூட்டிக் கிடக்கும் நேரம் கூடுகிறது. பூட்டிய வீட்டுக்குக் காவல் வேண்டுமென்று லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், ராஜபாளையம் என ஏதாவதொரு பெரிய இனக் குட்டியை வாங்கி வருகிறார்கள். வந்த புதிதில் எல்லோரும் சூழ்ந்து கொஞ்சிய குட்டி, ஒரு நாள் தனியே விடப்பட்டதும் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது, எச்சில் வடிய மூச்சு வாங்குகிறது. செல்லம் கொடுத்ததால் கெட்டுப்போனது என்கிறார் ஒருவர். சேட்டை என்கிறார் இன்னொருவர். இது பட்டணத்து நாய்களுக்கு வரும் நோய் என்கிறார் மூன்றாமவர். மூன்றும் பிழை என்றே சான்றுகள் காட்டுகின்றன. தனியே இருப்பது நாய்க்குப் பிறவியில் வருவதில்லை, பழக்கித்தான் வர வேண்டும். எப்போதும் ஆள் இருக்கிற வீட்டில்தான் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. பெரிய இனக் குட்டிக்கு அதைத் தள்ளிப்போட அவகாசமும் குறைவு.

முதலில் அந்த அலறல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மூளை ஆய்வாளர் யாக் பாங்செப்பும் உடனிருந்தவர்களும் 1970களின் இறுதியில் நாய்க்குட்டிகளிடம் நடத்திய ஆய்வில், பிரித்து வைத்ததும் கத்தும் குட்டிகள் மிகச் சிறிதளவு மார்ஃபின் செலுத்தியதும் அடங்குவதைக் கண்டார்கள். உடல் வலியைத் தணிக்கும் அதே வேதிப் பாதை பிரிவின் தவிப்பையும் தணித்தது. 1998இல் புடாபெஸ்டின் ஓட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் யோஜெஃப் டோபாலின் குழு, தாயையும் குழந்தையையும் பிரித்துச் சேர்த்துப் பார்க்க மேரி எய்ன்ஸ்வர்த் வகுத்த சோதனையை 51 நாய்களுக்கும் அவற்றின் உரிமையாளர்களுக்கும் நடத்தியது. நாய்கள் தம் மனிதரிடம் காட்டிய பற்று, குழந்தை தாயிடம் காட்டும் பற்றின் அமைப்பிலேயே இருந்தது. பிரிவில் தவிக்கும் நாய்கள் பொதுவாகவே எதிலும் கெட்டதை எதிர்பார்க்கும் மனநிலையில் இருக்கின்றன என்று 2010இல் பிரிஸ்டலின் மைக்கேல் மெண்டலும் குழுவினரும் காட்டினார்கள். உணவுள்ள கிண்ணம் ஓரிடத்திலும் வெற்றுக் கிண்ணம் வேறிடத்திலும் வைத்துப் பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். தனிமையில் அதிகம் தவித்த நாய்கள் அந்தச் சந்தேகக் கிண்ணத்தை நோக்கி மெதுவாகவே போயின. ஆக, பூட்டிய கதவுக்குப் பின்னால் கேட்பது பீதி. அதைப் பழிவாங்கலாகவோ பிடிவாதமாகவோ படிப்பவர்கள் அடுத்து செய்யும் எல்லாவற்றையும் தவறாகவே செய்வார்கள்.

“தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்” என்பது இங்கே தவறாமல் வரும் மறுப்பு. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் நாய் காதை மடக்கிக்கொண்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு, கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. குற்ற உணர்வுக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்கிறார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களிடம் இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளர்களிடம் சில முறை மாற்றிச் சொன்னார். அந்தக் ‘குற்ற முகம்’ நாய் செய்த காரியத்தோடு பொருந்தவில்லை, உரிமையாளர் திட்டியதோடுதான் பொருந்தியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நாம் குற்றமென்று பார்ப்பது அச்சத்தை. மாலையில் வாங்கும் அடி, காலையில் செய்த காரியத்தை நாய்க்கு உணர்த்தாது. ஆட்கள் போவதற்குத்தான் முன்பு அஞ்சியது. இனி அவர்கள் திரும்பி வருவதற்கும் அஞ்சத் தொடங்கும்.

எல்லா நாசமும் பிரிவுப் பதற்றம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் சில மணி நேரம் சிறுநீரை அடக்க முடியாது. அது கூடத்தை நனைத்தால் வயதுதான் காரணம். பல் முளைக்கிற நான்கு, ஐந்து மாதத்தில் குட்டி எதையும் கடிக்கும், ஆள் இருந்தாலும் கடிக்கும். பதற்றத்துக்கென்று தனி அடையாளங்கள் உண்டு. ஆள் போன முதல் அரை மணிக்குள்ளேயே பெரும்பாலும் தொடங்கிவிடும். கடியும் பிறாண்டலும் வாசற்கதவு, சன்னல் என்று ஆள் போன வழியை நோக்கியே இருக்கும். வைத்துவிட்டுப் போன சோறு தொடப்படாமல் கிடக்கும், ஆள் வந்ததும் தின்னும். தரையில் எச்சில் தேங்கியிருக்கும். பழைய செல்போன் ஒன்றைப் பரணில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தால் போதும், பாதி ஐயம் தீர்ந்துவிடும். நெசவு வீட்டில் இதைச் சீக்கிரம் கண்டறிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பதறும் குட்டி வாயில் அகப்பட்டதை மெல்லும். இங்கே அகப்படுவது பட்டிழையும் ஜரிகையும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போனால், குடல் அந்த நூலைச் சுற்றிச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளும், நூல் அதை அறுக்கவும் கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் கையால் இழுக்கவே கூடாது. நேரே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். தறி அறைக்குத் தாழ்ப்பாள் போடுவது பாவு நூலைக் காக்க மட்டுமல்ல, குட்டியின் உயிரைக் காக்கவும்தான். தறிக்குழியில் விழுந்து காலை உடைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதோடு போகும்.

பெரிய இனம் என்பதால் இந்தப் பதற்றம் அதிகம் வருமா? அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. உருவம் மாற்றுவது விளைவை. இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இருக்கும் லாப்ரடார் குட்டி, ஆறு மாதத்தில் இருபது கிலோவைத் தொடும். கிரேட் டேன் அதைவிட வெகுதூரம் போய்விடும். உடல் இப்படி ஓட, மனம் பின்தங்கி வருகிறது. பெரிய இனங்கள் நிதானம் கொள்ள ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகும். ஆளுயர உடம்பைப் பார்த்துவிட்டு வளர்ந்த நாயின் நடத்தையை எதிர்பார்க்கிறோம். உள்ளே இருப்பதோ குட்டி. பொமரேனியன் பதறினால் செருப்புதான் போகும். முப்பது கிலோ நாய் பதறினால் தாழ்ப்பாளே போகும், பல் உடையும், நகம் பெயர்ந்து ரத்தம் வழியும், அதன் குரல் தெரு முழுக்கக் கேட்கும். அதன் பிறகு அதற்குக் கிடைப்பது சங்கிலி. வாசற்கம்பத்தில் கட்டிவிட்டால் காவலும் ஆயிற்று, கதவும் பிழைத்தது என்ற கணக்கு ஊரெங்கும் இருக்கிறது. பீதியில் ஓட முயலும் விலங்கைக் கட்டிப்போட்டால் பீதி குறையாது, தப்பும் வழி அடைபட்டு அது மேலும் ஏறும். வெயில் ஏறுகிற சிமென்ட் தரையில், பெரிய உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும்போது அது உயிருக்கே ஆபத்து. நியாயமற்ற நேரத்துக்கு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டி வைப்பதும், வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் விடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். இது நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை.

அடுத்து, ஆள் நிறைந்த வீடு. யாராவது எப்போதும் கூட இருந்தால் குட்டிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பது இயல்புதான். இதற்கு விடை சொல்ல உலகமே ஒரு சோதனைக்கூடமாக மாறிய காலம் ஒன்று வந்தது, கொரோனா ஊரடங்கு. பிரிட்டனில் ஏறத்தாழ 1,800 நாய்களின் உரிமையாளர்களிடம் 2020இல் ஊரடங்குக்கு முன்னும் பின்னும் அவை எப்படி இருந்தன என்று கேட்டுத் தொகுத்தார்கள். பத்தில் ஒரு நாய் ஊரடங்குக்குப் பின் புதிதாகப் பிரிவுத் தவிப்பைக் காட்டியது. தனியே இருந்த நேரம் எவற்றுக்கு மிகுதியாகக் குறைந்துபோனதோ அந்த நாய்களிடம்தான் இந்த ஆபத்து கூடுதல். நேர்மையாகச் சொன்னால் அதே ஆய்வில் மொத்தக் கணக்கு குறைந்திருந்தது; ஆள் வீட்டிலேயே இருந்ததால் தவிக்க வாய்ப்பே பல நாய்களுக்கு அமையவில்லை என்று அதைப் படிக்கலாம். கூட இருப்பது தவிப்பை வெளித்தெரியாமல் வைத்திருக்கிறது, குணப்படுத்துவதில்லை. இதைத்தான் நெசவு வீட்டுக்கு நான் பொருத்திப் பார்க்கிறேன். இந்த ஆய்வுகள் வேறு குளிர்நாட்டில், வேறு வகை வீடுகளில் நடந்தவை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அவற்றின் உட்பொருள் தட்பவெப்பத்தைச் சார்ந்ததில்லை. ஒரு நாளும் தனியே இராத குட்டிக்குத் தனிமை வரும் நாள் முன்னறிவிப்பின்றி வருகிறது என்பதே அது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார், வீடே திரண்டு சுவாமி பார்க்கப் போகிறது, தெருவில் வெடிச் சத்தம். வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தனியே அடைபட்ட ஐந்து மாதக் குட்டிக்குத் தனிமையும் வெடியும் ஒன்றாகப் பதிந்துவிடும்.

எத்தனை நாய்களுக்கு இது வருகிறது என்பதில் எண்கள் ஒத்துப்போவதில்லை. ஃபின்லாந்தில் 13,700 நாய்களைப் பற்றி 2020இல் வெளியான ஆய்வு நூற்றுக்கு ஐந்து என்றது. லண்டன் அரச கால்நடைக் கல்லூரி 145 குட்டிகளை ஆறு மாத வயதில் பார்த்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஏதோ ஒரு அளவில் தவிப்பைக் காட்டின. முன்னது எல்லா வயதையும் சேர்த்த கணக்கு. பின்னது குட்டிப் பருவத்தை நெருங்கி நின்று, சின்னச் சிணுங்கலையும் விடாமல் எண்ணியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது: குட்டியில் தொடங்குவது எல்லாம் நிலைத்துவிடுவதில்லை, எது நிலைக்கிறது என்பதில் வீட்டின் பங்கு பெரிது. லண்டன் ஆய்வில் 16 வாரத்துக்குள் இரவில் தனக்கென ஓர் அறையிலோ கூண்டிலோ ஒன்பது மணி நேரமாவது நிம்மதியாகத் தூங்கிப் பழகிய குட்டிகளுக்கு ஆபத்து குறைந்தது. தண்டித்துப் பழக்கிய வீடுகளிலும், திரும்பி வந்ததும் நாசத்தைப் பார்த்துக் குட்டியைத் தூக்கி வைத்துப் பரபரத்துக் கொஞ்சிய வீடுகளிலும் கூடியது. வாங்கும் வயதும் சேர்ந்தே கணக்கு. 30, 40 நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளையும் இரண்டு மாதத்தில் பிரித்தவற்றையும் இத்தாலியில் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். சீக்கிரம் பிரித்தவற்றிடம் அச்சமும் பொருள்களை நாசம் செய்வதும் அதிகக் குரைப்பும் கூடுதலாக இருந்தன. நம் ஊரில் நாற்பது நாள் குட்டி என்று விற்பதும் வாங்குவதும் சாதாரணம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்கின்றன. முன்பணம் கொடுத்துவிட்டு இன்னும் மூன்று வாரம் தாயிடமே விட்டு வைப்பதற்கு ஒரு பைசா கூடுதலாகாது.

வந்த வாரத்திலேயே பழக்கத் தொடங்க வேண்டும், ஆள் வீட்டில் இருக்கும்போதே. தறி ஓடிக்கொண்டிருக்கையில், தின்று விளையாடிக் களைத்த குட்டியை அடுத்த அறையில் அதன் பாயில் விட்டு, குட்டி தாண்ட முடியாத தடுப்பு ஒன்றை வாசலில் வைத்தால் போதும். சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. சிணுங்குவதற்கு முன்பே, சில நொடிகளில் போய்ப் பார்த்துவிட வேண்டும். கத்தி ஓயட்டும் என்று விட்டால் அது ஓய்வது களைப்பினால்தான், அமைதியினால் அல்ல. நொடிகள் நிமிடங்களாக வளர நாள்கள் ஆகும். அரை மணியைக் கடந்துவிட்டால் அதற்கு மேல் பெரும்பாலும் வேகமாக வளரும். இடையில் ஒரு நாள் பின்வாங்கினால் நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் ஏற வேண்டும். தனியாகக் கவனிக்க வேண்டியவை புறப்பாட்டு அடையாளங்கள். சாவி கிலுங்குவது, டிபன் பாக்ஸ் மூடும் ஒலி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டுவது, தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தறிச் சத்தம் ஓய்வது என்று அடுத்து வருவதைக் குட்டி நமக்கு முன்பே படித்துவிடுகிறது. சாவியை எடுத்து, வெளியே போகாமல் ராட்டை முன் உட்கார்ந்துகொள்ளுங்கள். அட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். தறியை நிறுத்திவிட்டு அங்கேயே ஐந்து நிமிடம் இருங்கள். அடையாளத்துக்கும் பிரிவுக்கும் உள்ள முடிச்சு இப்படித்தான் தளர்கிறது. நியூசிலாந்தில் 2011இல் எட்டு நாய்களிடம் இந்தப் படிப்படியான முறையைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. எட்டு என்பது சிறு எண்தான், ஆனாலும் மாற்றாகச் சொல்லப்படும் எந்த வீட்டு வைத்தியத்துக்கும் இவ்வளவு சான்றுகூட இல்லை.

நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைத்தால் தூங்கிவிடும் என்பது பரவலான யோசனை. சிறிய இனத்துக்குச் சொல்வதைப் பெரிய இனக் குட்டிக்கு அப்படியே சொல்ல முடியாது. அதன் எலும்பு முனைகளின் வளர்தகடுகள் ஓராண்டைத் தாண்டியும் மூடாமல் இருக்கலாம். பைக் பின்னால் ஓட வைப்பதும் மாடிப்படியில் ஏற்றி இறக்குவதும் இடுப்பு மூட்டைக் கெடுக்கக்கூடும். நார்வேயில் நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார், லியோன்பர்கர், ஐரிஷ் உல்ஃப்ஹவுண்டு ஆகிய நான்கு பெரிய இனங்களைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், முதல் மூன்று மாதம் அன்றாடம் படியேறிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாகவும், மேடுபள்ளமான மென்தரையில் கயிறின்றித் திரிந்தவற்றுக்குக் குறைவாகவும் தெரிந்தது. பாலாற்றில் மணல் எஞ்சியிருக்கும் இடத்தில் விடிகாலை அரை மணி, தன் போக்கில் முகர்ந்து திரிய விட்டால் உடம்புக்கும் மனதுக்கும் அதுவே போதும். இன்னொரு குட்டியைத் துணைக்கு வாங்குங்கள் என்பார்கள். கொட்டடியில் உடன்பிறப்போடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த நாய்களைப் புது இடத்தில் விட்டு அவற்றின் பதற்ற ஹார்மோனை 1996இல் அமெரிக்காவில் அளந்தார்கள். கூட இருந்த நாயால் அது குறையவில்லை. பராமரித்த மனிதர் பக்கத்தில் இருந்தபோது குறைந்தது. ஏக்கம் மனிதரைப் பற்றியது என்றால் நாய் அதைத் தீர்க்காது. இரண்டு பெரிய நாய்களின் தீனிச் செலவுதான் மிஞ்சும். தெருநாய்களுக்கு இதெல்லாம் வருகிறதா என்ற கேள்வி இவற்றைவிடக் கனமானது. ஐயம்பேட்டைத் தெருவில் பிறந்த நாய் யாரையும் நம்பிப் பூட்டிய அறைக்குள் இருப்பதில்லை. ஆள் போனால் பின்னாலேயே தெருமுனை வரை போகும், அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் படுக்கும். நாம் வாங்கி வந்த நாயிடம் அந்த வழியை அடைத்துவிட்டு, அதே நிதானத்தைக் கேட்கிறோம்.

கடைசி மறுப்புதான் எனக்கு மிகவும் மதிப்புள்ளது: கூலிக்கு நெய்கிற வீட்டில் இதற்கெல்லாம் ஏது நேரம்? நேரமில்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பயிற்சிக்குத் தேவைப்படுவது, வீட்டில் ஆள் இருக்கும் நீண்ட பகலில் சிதறிக் கிடக்கும் இரண்டு நிமிடங்கள். தார் மாற்றும்போதும் அறுந்த இழையைப் பிணைத்து எழும்போதும் வருபவை. எட்டு மணி நேரம் ஆபீஸில் இருக்கிறவருக்கு இது கிடைக்காது, நெசவு வீட்டுக்குக் கிடைக்கும். தறி முழுதாக நின்றுபோவதற்குள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம். ஏற்கெனவே எட்டு மாதமாகி, கதவை உடைக்கும் நாயை வைத்திருப்பவர்களுக்கு வழி நீளம், ஆனால் இருக்கிறது. பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயால் தாங்க முடியாத நேரம் தனியே விடாமல் இருக்க வேண்டும். இருவர் ஷிப்டை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், எதிர்வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் ஒப்படைக்கலாம். அதற்கும் அடங்காத பீதிக்கு மருந்து உண்டு. குளோமிப்ரமின் 1998இலும் ஃப்ளூவாக்சடின் 2007இலும் அமெரிக்காவில் இதற்கெனவே ஒப்புதல் பெற்றன, இரண்டும் பயிற்சியோடு சேர்த்துத் தருவதற்கு. குளோமிப்ரமினை ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குத் தருவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், அளவை உடல் எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்; மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மனிதத் தூக்க மாத்திரை இதற்குப் பதிலாகாது. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பஸ்ஸில் போய் வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. ஆள் போன முதல் அரை மணியைப் பதிந்த அந்தச் செல்போன் வீடியோவையும் நாயின் எடையையும் கையோடு கொண்டுபோனால், மருத்துவர் கேட்கப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிலேயே விடை இருக்கும்.